பழைய அம்பாசடரில் வீல் ஸ்டட் மாற்றுவது: டிரம் பிரேக் வண்டி வைத்திருக்கும் புதியவர்களுக்கு

போன ஐப்பசியில் குடவாசலில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு கும்பகோணம் திரும்பிக்கொண்டிருந்தேன். நாச்சியார்கோவில் தாண்டியதும் இடது முன் சக்கரத்திலிருந்து ‘டக்... டக்...’ என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் நிதானமாக வந்தது, கூட்டினால் கூடியது. ஓரம் கட்டி வீல் கப்பைக் கழற்றினேன். கப்புக்குள்ளேயே ஒரு நட்டு உருண்டு கிடந்தது. அதன் வாய்க்குள் முறிந்த ஸ்டட்டின் துண்டு. சக்கரத்தைப் பூட்டும் நட்டு ஏறுகிற மரைக்கம்பிதான் ஸ்டட். பக்கத்து நட்டைக் கையால் திருகினேன். அது இறுகவும் இல்லை, கழன்று வரவும் இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. மிச்சமிருந்த நட்டுகளின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் துருக்கோடுகள், மை கரைந்து வழிந்தது போல.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் சாலையோரப் பஞ்சர் கடையொன்றில் காற்றுத் துப்பாக்கியால் அந்தச் சக்கரத்தை முடுக்கியிருந்தார்கள். நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றாமல், துப்பாக்கியின் வாயிலேயே வைத்து நேராக அடித்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

என் வண்டி மார்க் 4 அம்பாசடர். பிரிட்டிஷ் காரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் தயாரான குடும்பத்தைச் சேர்ந்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் ஷூக்கள் விரிந்து உரசி நிறுத்தும் வகை. இந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன அம்பாசடர், சாக்கு போர்த்தித் திண்ணையோரம் நிற்கிறது. அதை எடுத்து ஓட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றிச் சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். விரல் நீளமே உள்ள இந்த ஸ்டட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

ஸ்டட் என்ன வேலை செய்கிறது

வண்டியின் எடையை ஸ்டட் ஆணி மாதிரி தாங்கி நிற்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தாங்குவதில்லை, பிடித்து இழுக்கிறது. நட்டை முடுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தின் தட்டை டிரம்மின் முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறது. எடையும் பிரேக்கின் இழுப்பும் அந்த இரண்டு முகங்களுக்கு இடையிலுள்ள உராய்வு வழியாகத்தான் போகின்றன.

நட்டு தளர்ந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிர வேண்டும். பதினைந்து அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான சுற்றளவு. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 சுற்று. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் பத்தொன்பதாயிரம் தடவை வளைகிறது. எந்த இரும்பும் ஒருநாள் கைவிட்டுவிடும்.

முறிந்த துண்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, முறிந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். என் துண்டில் ஒரு பக்கம் வழவழப்பாக, காவிரியில் தண்ணீர் வடியும்போது மணலில் விட்டுப்போகுமே, அந்த மாதிரி வளைவு வளைவாக மெல்லிய கோடுகள் இருந்தன. மறு ஓரத்தில் சின்னதாக ஒரு பகுதி மட்டும் கற்கண்டு உடைந்ததுபோலச் சொரசொரப்பு. கோடு போட்ட பகுதி நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. சொரசொரப்பானது கடைசி நிமிடத்தில் போனது. தளர்ந்த நட்டோடு ஓடிய ஸ்டட் இப்படித்தான் முறியும். அளவுக்கு மீறி முடுக்கியதால் போன ஸ்டட்டோ நடுவில் இடுப்பு சிறுத்து, மரையின் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீண்டிருக்கும். இரண்டில் எது நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அதைத் தடுக்க முடியும்.

முறிவதற்கு முன்பே ஸ்டட் எச்சரிக்கை கொடுத்துவிடும். நட்டின் அடியிலிருந்து துருக்கோடு வழிவது, மெதுவாகப் போகும்போது ‘டக்’ சத்தம், சக்கரத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்வது, நட்டைக் கையால் ஏற்றும்போது பாதியிலேயே அடம்பிடிப்பது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உள்ளவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் மரையின் முனை மழுங்கிவிடும்.

எத்தனை மாற்றுவது

ஒன்று முறிந்திருந்தால் அதன் சுமையை இரண்டு பக்கத்து ஸ்டட்டுகளும் சுமந்திருக்கும். ஆகவே குறைந்தது மூன்றையும் மாற்றுங்கள். இரண்டு போயிருந்தால் அந்தச் சக்கரத்தில் முழு செட்டும் புதிதாகப் போட வேண்டும். நட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும், பழைய நட்டின் உள்மரை புது ஸ்டட்டையும் கெடுத்துவிடும். இதில் மிச்சம் பிடிக்கும் காசு டீக்கடைச் செலவுக்குக்கூட வராது.

வாங்கும்போது

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் உள்ள லேத் பட்டறைக்காரர்கள் கை தேர்ந்தவர்கள். பம்புசெட்டு ஷாஃப்டு, டிராக்டர் புஷ், கோயில் தேருக்கு இரும்பு அச்சு என்று எதைக் கொடுத்தாலும் கடைந்து தருவார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வீல் ஸ்டட்டை மட்டும் கடைந்து வாங்காதீர்கள். கைவசம் உள்ள சாதாரண இரும்புக் கம்பியின் இழுவலிமை 400 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். வீல் ஸ்டட்டுகள் பெரும்பாலும் 10.9 தரத்தில் வருபவை. அதில் முதல் எண்ணான 10 என்பது 1000 மெகாபாஸ்கலைக் குறிக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பலமோ இரண்டரை மடங்கு வேறு. அது மட்டுமல்ல. தொழிற்சாலையில் ஸ்டட்டின் மரையை வெட்டுவதில்லை, உருளைகளுக்கு நடுவில் அழுத்தி உருட்டுகிறார்கள். அப்படிச் செய்த மரையின் அடிப்பள்ளத்தில் விரிசல் எளிதில் தொடங்காது. லேத்தில் வெட்டிய மரைக்கு அந்தப் பலம் கிடையாது.

கடைக்குப் போகும்போது நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டட் ஒன்றையும் ஒரு நட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வெர்னியர் காலிப்பரால் ஐந்து அளவு எடுக்க வேண்டும்: மரையின் வெளிவிட்டம், மரையின் நெருக்கம், தலைக்குக் கீழ் மொத்த நீளம், தலையை ஒட்டியுள்ள பற்களின் விட்டம், அந்தப் பற்களின் நீளம். சக்கரத்தையும் டிரம்மையும் தாங்கிச் சுற்றும் ஹப்பின் துளையைக் கடித்துப் பிடிப்பவை இந்தப் பற்கள்தான். தலை முழு வட்டமா, ஒரு பக்கம் சீவியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சீவிய தலை ஹப்பின் உள்விளிம்பில் இடிக்காமல் உட்காருவதற்காக வைத்தது.

மரை விஷயத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் அங்குல மரை இருக்கும். பின்னாளில் வந்தவற்றிலும், இடையில் யாராவது மாற்றிப் போட்டவற்றிலும் மெட்ரிக் இருக்கலாம். அரை அங்குல யூ.என்.எஃப் (நெருக்கமான அங்குல வகை) மரைக்கு விட்டம் 12.7 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27 மி.மீ. மெட்ரிக்கில் எம் 12, 1.25 இடைவெளி என்று ஒன்று உண்டு. 1.27-க்கும் 1.25-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. அரை அங்குல நட்டை அந்த எம் 12 ஸ்டட்டில் போட்டால் வெண்ணெய் மாதிரி ஏறும். ‘பரவாயில்லையே, லேசாகப் போகிறதே’ என்று தோன்றும். விட்டத்தில் 0.7 மி.மீ. குறைவு என்பதால் மரையின் நுனிகள் மட்டும்தான் பற்றிக்கொண்டிருக்கும். முடுக்கும்போது இறுகியதுபோல் காட்டிவிட்டு, ஓடும்போது மொத்தமாக உருவிக்கொண்டு வரும். ஆகவே மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள். புது நட்டைப் புது ஸ்டட்டில் பாதி ஏற்றிவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் அது ஜோடி இல்லை.

நட்டின் வாயும் முக்கியம். சக்கரத் துளையின் ஓரம் கூம்பாகச் சரிந்திருந்தால் நட்டின் வாயும் அதே சரிவில் இருக்க வேண்டும். தட்டையான நட்டு கூம்புத் துளையில் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, பிளிமத், டாட்ஜ் போன்ற பழைய அமெரிக்க வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றுக்கு இடது பக்கச் சக்கரங்களில் இடது மரை இருக்கும், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழற்ற வேண்டும். ஸ்டட்டின் முனையில் ‘எல்’ எழுத்து பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் ஆள் மாற்றி ஆள் தொங்கி ஸ்டட்டை முறித்த கதைகள் ஏராளம்.

வண்டியைத் தூக்குவது

நம் மண் வண்டல் மண். மழை பெய்து நாலு நாள் ஆனாலும் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே களிம்பு. அதில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். சிமெண்ட் தளம் இல்லையென்றால் அகலமான பனஞ்சட்டமோ தடித்த பலகையோ போட்டு அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். செங்கல் வேண்டவே வேண்டாம், சுமை ஏறியதும் சொல்லாமல் நொறுங்கும். கதிர் அடிக்கும் களம் கிடைத்தால் நல்ல இடம்.

முன் சக்கரத்தில் வேலை என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் சக்கரத்தில் வேலை என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரம் வராது. அப்போது முன் சக்கரக் கட்டைதான் முழு பாதுகாப்பு, பார்த்து வையுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன், தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவது எங்கள் பட்டறை வழக்கம்.

கழன்று வராத நட்டு

துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். காலையில் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, இன்னொரு முறை எண்ணெய். அவசரப்பட்டு கேஸ் விளக்கால் சூடுகாட்டாதீர்கள். பின்னாலேயே பேரிங் கிரீஸும் ஆயில் சீலும் இருக்கின்றன.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றினால், பின்னால் உள்ள பற்கள் பிடியை விட்டுவிட்டன என்று அர்த்தம். அப்போது நட்டின் ஒரு பக்கத்தை கிரைண்டரால் ஸ்டட் வரை சீவி, அந்த வெட்டில் உளி வைத்து ஓர் அடி கொடுத்தால் நட்டு பிளந்துவிடும். சக்கரத்தின் கூம்புத் துளையில் கிரைண்டர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

டிரம்மை எடுப்பது

சக்கரத்தை எடுத்ததும் டிரம்மின் முகம் தெரியும். பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில், தலை பதிந்த ஸ்க்ரூ இரண்டு டிரம்மை ஹப்போடு பிடித்திருக்கும். ஸ்டட்டுகள் ஹப்பில் இருக்கும், டிரம் அவற்றின் மேல் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும். பிரேக் அட்ஜஸ்டரைப் பின்பக்கத்திலிருந்து தளர்த்திவிட்டு அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் வராது, தலை வழுக்கிவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கச் சுற்றும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரம் வார்ப்பிரும்பு. விளிம்பில் சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும். மரச் சுத்தியலால் முகத்தில், ஸ்டட்டுகளுக்கு நடுவில், சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நாள்பட்ட டிரம்முக்கு உள்விளிம்பில் ஒரு வரப்பு எழுந்திருக்கும். அது ஷூவின் மேல் ஒட்டியுள்ள லைனரில் மாட்டிக்கொள்ளும், அட்ஜஸ்டரை இன்னும் தளர்த்தினால் வந்துவிடும்.

உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். அதை வாயாலோ கம்ப்ரெஸரின் காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, தண்ணீரை மெல்லத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். பட்டறைகளில் ‘ஃபூ’ என்று ஊதிப் பழகிய அண்ணன்களிடமும் இதைச் சொல்லுங்கள். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். டிரம் திறந்திருக்கும்போது பிரேக் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஹப்பைக் கழற்ற வேண்டுமா

பல வண்டிகளில் ஹப்பைச் சுற்றிப் பார்த்தால், பிரேக் ஷூக்களுக்கு இடைப்பட்ட ஓர் இடத்தில் ஸ்டட்டின் தலை பின்பக்கமாக வெளியே வர வழி இருக்கும். இருந்தால்கூடப் புதியவர்களுக்கு என் யோசனை, முன் ஹப்பை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள் என்பதுதான். ஹப் அச்சில் இருக்கும்போது ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் பேரிங்கில்தான் போய் விழும். பேரிங்கின் பாதையில் நுண்ணிய குழி விழுந்து, ஒரு மாதம் கழித்து ‘ங்கொய்’ என்று சத்தம் கேட்கும். கழற்றினால் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது அடைத்துவிடவும் ஆகும்.

கிரீஸ் மூடியை எடுத்து, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, ஹப்பை நேராக இழுங்கள். வெளிப் பேரிங் கையில் விழும், பிடித்துக்கொள்ளுங்கள். ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையமோ இடைக்குழலோ வந்தால் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஒரு தாளில் பரப்பி வையுங்கள். மொபைலில் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

பின் சக்கரத்தில் ஆக்ஸில் ஷாஃப்டு, ஆயில் சீல், ஹப் நட்டு எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும், டிஃபரென்ஷியல் எண்ணெயும் ஒழுகும். முதல் தடவையே அதில் கை வைக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

பழைய ஸ்டட்டை எடுப்பது

முதலில் ஹப்பின் முன்முகத்தில் ஸ்டட் வெளிவரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் ஸ்டட்டின் தோளைத் துளையின் ஓரத்தில் விரித்து அடித்து, டிரம்மையும் ஹப்பையும் ஒன்றாகப் பிணைத்திருப்பார்கள். ரிவெட் அடித்தது போல ஒரு வளையம் தெரியும். அப்படி இருந்தால் அடித்துத் தள்ளாதீர்கள், விரிந்த உலோகம் துளையையும் விரித்துக்கொண்டு போகும். அந்த வளையத்தை முதலில் கடைந்து எடுக்க வேண்டும். அது லேத்காரர் வேலை, ஹப்போடு டிரம்மையும் கொண்டுபோய்க் கொடுங்கள். வளையம் இல்லையென்றால் பற்களால் மட்டும் பிடித்திருக்கும் சாதாரண ஸ்டட். இதை நீங்களே எடுக்கலாம்.

ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் அதுதான் சிறந்தது. பிரஸ் இல்லாத இடத்தில் பெரிய ஜி-கிளாம்பும், ஸ்டட் தலை நுழையும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டும் போதும். குழாயைப் பின்பக்கம் தலையைச் சுற்றி வைத்து, முன்பக்கம் ஸ்டட்டின் முனையில் கிளாம்பை இறுக்கினால் ‘டப்’ என்று பற்கள் விடும் சத்தம் கேட்கும். எந்த முறையானாலும், தள்ளும் ஸ்டட்டை ஒட்டியே ஹப்புக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். தள்ளித் தாங்கினால் ஹப்பின் தட்டு வளைந்துபோகும்.

சுத்தியல்தான் வழி என்றால் நேரடியாக இரும்பால் அடிக்காமல் நடுவில் பித்தளைத் துண்டு வையுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குக் குறையே இல்லை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளில் எடை போட்டுத் தரும் பித்தளைத் தண்டு ஒன்றை நான் பல வருடமாக வைத்திருக்கிறேன். ஒரு முனை அடி வாங்கிக் காளான் மாதிரி விரிந்துவிட்டது, ஹப்பில் இதுவரை ஒரு காயமும் இல்லை.

துளையைப் பார்க்காமல் புதிது போடாதீர்கள்

ஸ்டட் வெளியே வந்ததும் துளையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பழைய பற்கள் பதிந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் நல்லது. வழித்துக்கொண்டு வழவழப்பாக இருந்தாலோ, வட்டம் கெட்டு நீண்டிருந்தாலோ அந்தத் துளை புது ஸ்டட்டைப் பிடிக்காது. துளையிலிருந்து கிளம்பும் முடி போன்ற கோடு தெரிந்தால் அது விரிசல், ஹப்பையே மாற்ற வேண்டும். சந்தேகமாக இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவி வையுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

துளை சற்றே தேய்ந்திருந்தால், பற்களின் விட்டம் கூடுதலாக உள்ள ஸ்டட் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ‘ஒரு டாக் வெல்டு வச்சிடலாம் தம்பி, ஜென்மத்துக்கும் நகராது’ என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பதம் பிடித்த எஃகு ஸ்டட் அது. வெல்டு வைத்த இடத்தை ஒட்டி அந்தப் பதம் கெட்டு, சில இடத்தில் மிருதுவாகவும் சில இடத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்குவதாகவும் ஆகிவிடும். ஸ்டட் நகராது என்பது உண்மைதான். தலை அங்கேயே இருக்க, மீதி முறிந்து வரும்.

புது ஸ்டட்டை உட்கார வைப்பது

பழைய பற்கள் பதிந்த கோடுகளில் புதிய பற்கள் பொருந்தும்படி ஸ்டட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓர் இடத்தில் லேசாக ‘க்ளிக்’ என்று பிடிக்கும். அங்கேயே பிரஸ்ஸில் வைத்து நேராக அழுத்துங்கள்.

பிரஸ் இல்லாதவர்கள் நட்டால் இழுத்து உட்கார வைக்கலாம். முன்பக்கம் ஸ்டட்டின் மேல் தடித்த வாஷர்கள் நாலைந்து, அல்லது பற்கள் தாராளமாக நுழையும் ஒரு குழாய்த் துண்டும் ஒரு வாஷரும் போடுங்கள். வாஷர்களுக்கு நடுவில் கிரீஸ் தடவுங்கள். இதற்கென்று மரை நன்றாக உள்ள ஒரு நட்டை ஒதுக்கி, தட்டைப் பக்கம் வாஷரில் படும்படி திருப்பிப் போட்டு மெதுவாக முடுக்குங்கள். அந்த நட்டை மறுபடி சக்கரத்தில் பயன்படுத்தாதீர்கள். துப்பாக்கி வேண்டாம், கை ஸ்பேனரே போதும். முடுக்க முடுக்கக் கனம் ஒரே சீராக இருக்கும். தலை போய் உட்கார்ந்ததும் சட்டென்று கல் மாதிரி நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பின்பக்கம் திருப்பி, தலைக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு தாள் துண்டைச் செருகிப் பாருங்கள். தாள் எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. நுழைந்தால் ஸ்டட் முழுதாக உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் வழியில் உட்காரும், நட்டு தளரும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

திரும்பப் பூட்டுவது

பேரிங்கில் கிரீஸ் அடைத்து ஹப்பை ஏற்றுங்கள். டேப்பர் ரோலர் பேரிங் என்றால் ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை லேசாக இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, மயிரிழை ஆட்டம் விட்டு ஸ்பிளிட் பின் போட வேண்டும். இடைக்குழலும் ஷிம்மும் உள்ள அமைப்பு என்றால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும்.

டிரம்மின் உட்புறத்தையும் லைனரையும் கிரீஸ் கைபடாமல் துடைத்துவிட்டு டிரம்மை மாட்டி, ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெயிண்ட் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வண்டியைப் புதுப்பிக்கும் ஆசையில் பலர் டிரம்மின் முகத்துக்கும் சக்கரத்தின் உள்தட்டுக்கும் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவில் பெயிண்ட் இருந்தால், ஓட ஓட சூட்டில் அது நசுங்கி மெலியும். அந்த அளவுக்கு நட்டின் பிடிப்பு குறையும். ஒட்டும் முகங்களைச் சுரண்டி வெறும் இரும்பாக்கிவிடுங்கள். அழகுக்கு வெளியே தெரியும் பகுதி போதும்.

இப்போது நட்டு. எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொட விடவே மாட்டார். ‘முதல்ல கையால நாலு சுத்து போகட்டும் தம்பி. போகலன்னா அது ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம், என்னன்னு கேளு’ என்பார். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் மரையில் ஒரு சிராய்ப்போ மணலோ இருக்கும். சுத்தமான, உலர்ந்த மரைதான் வேண்டும். எண்ணெயோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைந்து, அதே முடுக்கலுக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு உலர்ந்த மரைக்கானது.

ஒன்றை முடுக்கியதும் பக்கத்ததை விட்டு எதிரே உள்ளதற்குப் போங்கள். இப்படி மாற்றி மாற்றி மூன்று தவணையாக இறுக்க வேண்டும். முதலில் சக்கரம் தூக்கியிருக்கும்போது கைவிசையில். பிறகு வண்டியைத் தரைக்கு இறக்கிப் பாதி அளவு. கடைசியில், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முழு அளவு. அளவு என்ன என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம்தான் சாட்சி. 12 மி.மீ. தடிமன் உள்ள ஸ்டட்டுகளுக்குப் பொதுவாக 80-லிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரை வரும்.

அது எவ்வளவு என்று கைக்குப் புரிய வேண்டுமா? 40 செ.மீ. நீளமுள்ள வீல் ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அதுதான் 98 நியூட்டன் மீட்டர். அதே ஸ்பேனரின் நுனியில் எழுபது கிலோ ஆள் ஏறி நின்றால் 275 நெருங்கிவிடும். ஏறிக் குதித்தால் கணக்கே இல்லை. நம் ஊரில் ஸ்டட்டுகள் பாதி இப்படித்தான் சாகின்றன. இனி பஞ்சர் கடையில் நின்றால், நட்டைக் கையால் ஏற்றச் சொல்லுங்கள், கடைசி முடுக்கலை நீங்களே போடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் ஓட்டம்

முடுக்கியதும் ஒவ்வொரு நட்டிலிருந்து சக்கரம் வரை பெயிண்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும். முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். புது ஸ்டட்டின் தலை இன்னும் ஒரு நூல் உள்ளே போகும், முகங்கள் ஒன்றோடொன்று படியும். அதனால் 50-லிருந்து 80 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்தே ஆக வேண்டும்.

நான் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு நடை போய்வந்தேன். போக 40, வர 40. தஞ்சாவூரில் நிழலில் நிறுத்தி, சக்கரம் ஆறட்டும் என்று ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. இருந்தாலும் ரெஞ்சைப் போட்டேன். ஐந்தாறு டிகிரி திரும்பி ‘க்ளக்’ என்றது ஒரே ஒரு நட்டு. முறிந்த ஸ்டட் இருந்த அதே துளையில் போட்டது. வீட்டுக்கு வந்ததும் அதை இன்னொரு முறை பார்த்தேன், அப்போது நகரவில்லை. அடுத்த வாரம் ஒரு தடவை, மாதம் முடிந்து ஒரு தடவை. டிக்கியில் ஸ்டெப்னியோடு இப்போது இரண்டு புது ஸ்டட்டும் இரண்டு நட்டும் ஒரு பித்தளைத் தண்டும் துணியில் சுற்றிக் கிடக்கின்றன.